கடலின் நிறத்தில் எழுதியிருப்பது

சிவகாசியில் வாணவெடி செய்பவர்களுக்கு நிறம் என்றால் மருந்து. ஸ்ட்ரான்சியம் உப்பு சேர்த்தால் சிவப்பு, செம்பு உப்பு சேர்த்தால் நீலம். வானில் விரியும் நிறத்தைக் கண்டே உள்ளிருந்த கலவையை ஊகித்துவிடலாம். கடலின் நிறத்தை வைத்து அதில் மிதக்கும் உயிர்களை அளக்கும் அறிவியலும் அப்படித்தான். ஒரு வேறுபாடு உண்டு: வெடி ஒளியை உமிழ்கிறது, கடல் வெயிலில் ஒரு பங்கை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது.

சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. பக்கத்து ராமநாதபுரத்துக்கு மன்னார் வளைகுடா உண்டு. 2019 செப்டம்பரில் பாம்பன் பக்கம் அது பச்சைப் பசேலென்று மாறியது. மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. காரணம் நாக்டிலூக்கா என்ற ஒற்றைச் செல் மிதவை உயிரி. பெரிதாக வளர்ந்தாலும் ஓரிரு மில்லிமீட்டர் அளவுதான். அதற்குள் குடியிருக்கும் நுண்பாசியே பச்சை நிறம் தருகிறது. கட்டுக்கடங்காமல் பெருகி, செத்து அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. மீன்கள் மூச்சுமுட்டிச் சாகின்றன.

தாவர மிதவை உயிரிகளில் பச்சையம் இருக்கிறது. அது நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் உறிஞ்சும். பச்சையைப் பெரும்பாலும் விட்டுவிடும். நீலத்துக்கும் பச்சைக்குமான விகிதத்தை அளந்தால் பச்சையத்தின் அளவு தெரிந்துவிடும். 1978இல் அமெரிக்காவின் நிம்பஸ்-7 செயற்கைக்கோள் இதை விண்ணிலிருந்து தொடங்கிவைத்தது. 1999 மே 26 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஓஷன்சாட்-1, 720 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 8 அலைவரிசைகளில் கடலைப் பார்த்தது. 2022 நவம்பரில் ஏவப்பட்ட ஓஷன்சாட்-3இல் அது 13 ஆகியிருக்கிறது.

ஆனால் செயற்கைக்கோளை எட்டும் ஒளியில் சுமார் 90 சதவீதம் காற்று மண்டலம் சிதறடித்தது. கடலுக்குள்ளிருந்து வருவது சொற்பம்தான். காற்றின் பங்கைக் கழித்து எடுத்த கணக்கு சரிதானா?

அதைச் சொல்ல ஒருவர் படகில் போயாக வேண்டும். மொண்டு வந்த கடல்நீரைக் கண்ணாடியிழை வடிதாளில் வடிகட்டுகிறார்கள். தாளில் மெல்லிய பச்சைக் கறை படிகிறது. அதை அசிட்டோனில் ஊறவைத்து, வெளிச்சம் படாமல் குளிரில் வைத்தால் பச்சையம் கரைந்து இறங்கும். பிறகு அதை அளந்து, செயற்கைக்கோள் சொன்ன எண்ணோடு ஒப்பிடுகிறார்கள்.

ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் இந்தப் பச்சைய வரைபடத்தையும் கடல் மேற்பரப்பு வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்து, மீன் கூடும் இடங்களைத் தமிழிலும் அறிவிக்கிறது. அலைந்து தேடச் செலவாகும் டீசல் மீனவர்களுக்கு மிச்சம்.

மேகம் மூடினால் செயற்கைக்கோளில் நிறத்தை அளக்கும் கருவிக்குக் கடல் தெரியாது. வடகிழக்குப் பருவமழை நாட்களில் மன்னார் வளைகுடாவின் நிலவரம் அறிய, படகில் போய் மொண்டுவரும் தண்ணீரையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது.