தரங்கம்பாடியில் இறங்கிய இளைஞர்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி எல்லாம் தாண்டி தரங்கம்பாடி வரும். 1706 ஜூலை 9 அன்று அங்கே வந்து சேர்ந்த கப்பலில் இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் இருந்தார்கள். ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்க். மறுநாள்தான் அவருக்கு 24 வயது. இன்னொருவர் ஹென்ரிக் புளூட்சோ.

கிறித்தவ சமயத்தைப் பரப்ப அவர்களை அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக். ஊரும் டேனிஷ்காரர்கள் கையில்தான். தடபுடலான வரவேற்பு இருந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? கோட்டைத் தளபதிக்கு இவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்ற எண்ணம். வந்தவர்களை முகங்கொடுத்துப் பேசி ஏற்கவில்லை. தங்க இடம் தேடிக்கொள்வதே பெரும்பாடாகிவிட்டது.

ஊர்க்காரர்களோடு பேசத் தமிழ் வேண்டுமே! வயதான திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகளோடு பிள்ளைகளாகத் தரையில் சம்மணமிட்டு, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார்கள். படித்த மனிதர்கள் இப்படி உட்கார்ந்தது லேசான காரியமல்ல. பிறகு அழகப்பன் என்ற பன்மொழி அறிந்தவர் துணைக்கு வந்தார்.

தளபதியின் கோபம் மட்டும் தணியவில்லை. 1708-இல் சீகன்பால்கைக் கோட்டையில் நான்கு மாதம் அடைத்து வைத்தார். ஆனாலும் சீகன்பால்க் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியிலேயே அச்சாகி முடிந்தது. 1719-இல், 36 வயதில் இறந்தார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் அவரது கல்லறையை இன்றும் பார்க்கலாம்.