வேண்டாம் என்று சொல்லும் மெக்கானிக்

அலமாரியில் தூங்கிய யாஷிகா எலக்ட்ரோ 35-க்கும் கேனோனெட்டுக்கும் திடீரென்று மவுசு வந்துவிட்டது. கல்லூரிப் பிள்ளைகள் ஃபிலிம் ரோல் தேடி அலைகிறார்கள். கையில் காசு புரள்பவர்கள் லைகா எம்3 வரை போகிறார்கள். கேமரா எப்படியோ கிடைத்துவிடுகிறது. அதைத் திறந்து பார்க்க ஒரு நல்ல கை கிடைப்பதுதான் பெரும்பாடு.

எது நல்ல கை? என்னைக் கேட்டால், ஒரு தடவையாவது “இது வேண்டாம் சார், இப்படியே இருக்கட்டும்” என்று சொல்கிறவருடையது. எதைக் காட்டினாலும் “விட்டுட்டுப் போங்க, பண்ணிடலாம்” என்பவரைக் கண்டால் எனக்குப் பயம்.

1954-இல் வெட்ஸ்லரிலிருந்து வந்த எம்3-யையே எடுத்துக்கொள்வோம். அதன் ரேஞ்ச்ஃபைண்டர் பட்டகம் பால்சம் பிசினால் ஒட்டியது. வயதானாலோ எங்காவது இடித்தாலோ ஒட்டு விட்டு வியூஃபைண்டர் இருண்டுபோகும். விவரம் தெரிந்தவர் மேல்மூடியில் கை வைப்பதற்கு முன்பே, “கழட்டும்போது இது பிரிஞ்சாலும் பிரியலாம், சம்மதமா?” என்று கேட்டுவிடுவார். எலக்ட்ரோ 35-இல் ஃபிலிமை நகர்த்தும்போது உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் பெரும்பாலும் உள்ளே ஒரு குட்டி ரப்பர் துண்டு மட்கிப்போயிருக்கும். அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்காமலே “சர்க்யூட் போச்சு” என்கிறவரிடம் கேமராவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கேனோனெட் க்யூஎல்17 ஜி3-க்கு 1.35 வோல்ட் பாதரச பேட்டரி வேண்டும். அது இப்போது விற்பனையில் இல்லை. 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும், படம் இருட்டடிக்கும். இதைத் தானாக எடுத்துச் சொல்கிறாரா என்று பாருங்கள். ஷட்டர் இதழ் ஒட்டிக்கொண்டால் எண்ணெய் விட்டுத் தளர்த்துகிறவர்களும் உண்டு. அந்த இதழ்கள் உலர்ந்தே ஓடவேண்டியவை. சோவியத் ஸோர்க்கி 4 வைத்திருப்பவர்களுக்கு ஒரு சுலபமான பரீட்சை: ஷட்டரை ஏற்றும் முன்பே வேகத்தைத் திருப்புகிறவரிடம் அதைக் கொடுக்காதீர்கள்.

சரி, இவையெல்லாம் ஒருவர் கெடுத்தாலும் இன்னொருவர் திருத்தக்கூடியவை. ஷட்டர் திரை கிழிந்தால் புதுத் திரை போடலாம். ரேஞ்ச்ஃபைண்டரில் தெரியும் இரட்டை பிம்பம் விலகினால் மறுபடி சேர்க்கலாம். என் தூக்கத்தைக் கெடுப்பது கண்ணாடி.

சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் தோல் உறைக்குள் வைத்துப் பூட்டிய லென்ஸில் ஃபங்கஸ் பிடிப்பது அதிசயமே இல்லை. ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் துடைத்து எடுத்துவிடலாம். நாள்பட்டால் ஃபங்கஸ் சுரக்கும் அமிலம் கோட்டிங்கை அரித்து, அடியிலுள்ள கண்ணாடியிலும் தடம் போட்டுவிடும். நூல் நூலாக ஒரு தழும்பு. ஓரத்தில் சிறிதாக இருந்தால் படத்தில் பெரிதாகத் தெரியாது. வெயிலைப் பார்த்து எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் வெளிறும். இந்த இடத்தில்தான் ஒருவர் “பாலிஷ் போட்டா பளபளன்னு ஆயிடும் சார்” என்கிறார். நாமும் மயங்குகிறோம்.

கோட்டிங்கின் கனம் சுமார் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல பஞ்சும் பவுடருமாகத் தேய்த்தால் முதலில் போவது அதுதான். அடுத்து கண்ணாடியின் வளைவே மாறும். முறையாகச் செய்ய அந்தந்த வளைவுக்கென்றே கடைந்த அச்சும், வளைவைச் சரிபார்க்கும் கருவியும் வேண்டும். திரும்பக் கோட்டிங் போட வெற்றிட அறை வேண்டும். கடை மேசையில் இவற்றில் எது இருக்கிறது? தேய்த்த லென்ஸ் கண்ணுக்குப் பளிச்சென்றுதான் இருக்கும். படம் மங்கலாக வரும். உடனே ரேஞ்ச்ஃபைண்டர் மேல் பழி விழும், அதற்கு இன்னொரு பில்.

1933-இல் வந்த லைட்ஸ் சும்மார் லென்ஸின் முன் கண்ணாடி மிக மென்மையானது, சாதாரணமாகத் துடைத்தாலே கீறல் விழும். ஆகவே கீறலே இல்லாத சும்மார் கைக்கு வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுவேன். கீறலோடு இருக்கும் சும்மாருக்கு ஒரு ஹூட் மாட்டினால் போதும்.

படம் விழுந்தால் சரி, இதென்ன மியூசியப் பொருளா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கேட்கட்டும், அந்தப் படம் விழுவதற்கும் கண்ணாடி வேண்டுமே.

கொடுக்கும் முன் லென்ஸின் பின்புறமிருந்து டார்ச் அடித்து, முன்னும் பின்னும் படம் எடுத்துவையுங்கள். பாடி எண், லென்ஸ் எண் இரண்டையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். “கேட்காமல் பாலிஷ் போடக்கூடாது” என்ற வரியும் சேரட்டும். அதற்கு முகம் சுளித்தால் வேறு கடை. திரும்பி வந்ததும் இரவில் ரேஞ்ச்ஃபைண்டர் வழியாக நிலாவைப் பாருங்கள்: ஃபோகஸ் வளையம் கடைசிவரை போனபோது இரண்டு நிலாவும் ஒன்றாக வேண்டும். பிறகு ஒரு மீட்டர் தூரத்தில் செய்தித்தாளை விரித்து, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து சில படங்கள். ஒரு ரோல் கழுவிப் பார்க்கும்வரை மறுபடி சரிசெய்து தருவாரா என்பதை முன்பணம் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.