கடைசி நாலு பக்கத்தில் விபூதி!

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பழைய பாக்கெட் நாவல் ஒன்று வாங்கினேன். அட்டையில் வெள்ளைப் புடவை, விரித்த கூந்தல், பின்னால் பௌர்ணமி. (பேய்க்கு வேறு கலரில் புடவை எடுத்துத் தர யாருமே இல்லையா சார்?) திண்டிவனம் போய்ச் சேருவதற்குள் படித்து முடித்துவிடலாம்.

சும்மா சொல்லக்கூடாது. முதல் எண்பது பக்கம் ஜில்லிட்டது! கிணற்றடியில் கொலுசுச் சத்தம் கேட்கிற இடத்தில் பக்கத்து ஸீட் ஆசாமியின் செல்போன் அலற, நான் அவர் மடியிலேயே உட்காரப் பார்த்தேன்.

அப்புறம் வந்தார் ஒரு சாமியார். குலதெய்வத்தை மறந்த குடும்பம் என்னாகும், வெள்ளிக்கிழமை விளக்கேற்றாத வீடு என்னாகும் என்று விடாமல் பிரசங்கம். முடிவில் ஒரு பிடி விபூதி. பேய் அவுட். சுபம்!

சாமியே வரக்கூடாது என்று சொல்லவில்லை. 1990-களின் பிற்பகுதியில் சன் டி.வி.யில் 'மர்மதேசம்' வரிசையில் வந்த 'விடாது கருப்பு'வைப் போர்வைக்குள் ஒளிந்துகொண்டு பார்த்த பொடியன் நான். தப்பு செய்தவனைத் தண்டிப்பது காவல் தெய்வமா, மனுஷனா என்று நம்மைத் தவிக்கவிட்டார் இந்திரா சௌந்தர்ராஜன். 2024-ல் காலமாகிவிட்டார், பாவம். 1973-ல் வந்த ஹாலிவுட் படம் 'தி எக்ஸார்ஸிஸ்ட்'டிலும் மதம்தான் பேயோட்டுகிறது. ஆனால் ஓட்ட வந்த பாதிரியார்கள் இரண்டு பேருமே செத்துப் போகிறார்கள். அதில் ஒருவருக்குத் தன் விசுவாசத்தின் மேலேயே சந்தேகம்! நம்ம 'காஞ்சனா'வில் (2011) வில்லன் கோயிலுக்குள் ஓடி ஒளிய, பேய் சாமியிடமே கெஞ்சி நியாயம் கேட்கிறது. சாமிக்கும் தர்மசங்கடம். அங்கே கதை இருக்கிறது. என் பாக்கெட் நாவல் சாமிக்கோ யோசிக்கவே வேலையில்லை. ஸ்விட்சைத் தட்டினால் லைட் எரிகிற மாதிரி வந்து போகிறார்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் செம கூட்டம். அன்றைக்கு அமாவாசை என்பதே அப்போதுதான் உறைத்தது. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் ராத்திரி ஊஞ்சல் உற்சவம். பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு அம்மா, கூடவே இருபது வயசு மதிக்கத்தக்க மகள். அந்தப் பெண் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். "பேய்க் கதையா தம்பி? கடைசியில என்னாவுது?"

"ஒரு சாமியார் விபூதி போடுவாரும்மா. போயிடும்."

"ஒரே தடவையிலயா?"

"ஆமாம்மா."

"நாங்க இது ஏழாவது அமாவாசை தம்பி. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி மாத்திரையும் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கோம். கொஞ்சம் தேவல. போன மாசம் அதுவா தலை வாரிக்கிச்சு." மகளின் முந்தானையைச் சரிசெய்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார். "அந்தச் சாமியாரு எந்த ஊருன்னு போட்டிருக்கா?"

"அது சும்மா கதைம்மா..."

"எழுதறவங்க தெரியாமலா எழுதுவாங்க? கொஞ்சம் பாரேன் தம்பி."

பார்த்தேன். கடைசி நாலு பக்கத்தையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அதற்குள் மலையனூர் பஸ் வந்துவிட்டது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா கூட்டத்தோடு ஓடினார்.