கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு: ரெண்டு நாள் கேட்டு வாங்குங்கள்!

நம்ம மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் இப்போதெல்லாம் தெருவுக்கு நாலு வீட்டில் பிள்ளையோ பெண்ணோ லண்டனில் இருக்கிறார்கள். பெண்ணுக்குப் பிரசவம், பேரனுக்கு ஆண்டு நிறைவு என்று நாமும் ஆறு மாத விசாவில் கிளம்பிவிடுகிறோம். போய் என்ன செய்கிறோம்? இங்கே வைத்த அதே ரசத்தை அங்கே வைக்கிறோம்! நடுவில் ஒரு சனிக்கிழமை பிக் பென், பக்கிங்ஹாம் அரண்மனை, மெழுகு பொம்மை மியூசியம். திரும்பி வந்ததும் லஸ் கார்னரில் யாராவது "என்னென்ன பார்த்தீங்க மாமி?" என்று கேட்டால், சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

போகப்போகும் சகோதரிகளுக்கு என் யோசனை இது. கேம்பிரிட்ஜுக்கு ஒரு நாள், ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஒரு நாள், ஆக ரெண்டே நாள் உங்களுக்கென்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "அதெல்லாம் பெரிய படிப்பு படிச்சவங்க போற இடம், நமக்கென்ன அங்கே?" என்று நினைக்கவே வேண்டாம். ரெண்டு ஊரிலும் நம்ம ஊர்க்காரர்களின் அடையாளம் இருக்கிறது. போய் வந்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

யுனிவர்சிட்டி எங்கே இருக்கு?

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். சேப்பாக்கத்தில் செனட் ஹவுஸைக் காட்டி, "இதுதான் யுனிவர்சிட்டி" என்று சொல்கிற மாதிரி அங்கே ஒரே ஒரு கட்டடத்தைக் காட்ட முடியாது. ஊர் முழுக்கக் காலேஜ்கள்தான். கேம்பிரிட்ஜில் மட்டும் 31. ஒவ்வொன்றுக்கும் கோட்டை மாதிரி வாசல், உள்ளே பிராகாரம் மாதிரி சுற்றுக்கட்டு, நடுவில் பச்சைப் புல்வெளி. புல்லில் மட்டும் கால் வைத்துவிடாதீர்கள். பல காலேஜ்களில் அது அங்குள்ள ஆசிரியர்களுக்கு மட்டுமே உள்ள உரிமை!

ஆக்ஸ்ஃபோர்டில் 1096 வாக்கிலேயே பாடம் நடந்திருக்கிறது. நம்ம தஞ்சைப் பெரிய கோயில் 1010 என்பதை நினைத்துக்கொண்டால் காலக்கணக்கு புரியும். அங்கே ஏதோ கலவரம் வந்து, வெளியேறிய சிலர் 1209-ல் ஆரம்பித்ததுதான் கேம்பிரிட்ஜ்.

கேம்பிரிட்ஜில் பார்க்க வேண்டியவை

லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் அரை மணி நடக்க வேண்டும், அதனால் பஸ் ஏறிவிடுங்கள்.

முதலில் கிங்ஸ் காலேஜ் சேப்பல். 1446-ல் ஆரம்பித்துக் கிட்டத்தட்ட 70 வருஷம் கட்டினார்களாம். அண்ணாந்து பார்த்தால், கல்லிலேயே விசிறி விசிறியாக விரித்த கூரை! டிக்கெட் ஆளுக்கு நம்ம பணத்தில் ஆயிரத்துக்கு மேல் ஆகும். ஆனால் காலேஜ் நடக்கும் மாதங்களில் சாயங்காலம் பாட்டு வழிபாடு உண்டு. அதற்கு யாரும் போகலாம், காசு கிடையாது. அமைதியாக உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம்.

அடுத்தது டிரினிட்டி காலேஜ். நம்ம துறைமுக ஆபீஸில் கிளார்க்காக இருந்த ராமானுஜன், 1914 மார்ச்சில் கப்பல் ஏறி வந்து சேர்ந்த இடம். வாசலுக்கு எதிரே தெருவைத் தாண்டினால் ஹ்யூவெல்ஸ் கோர்ட் என்ற கட்டடம். அங்கேதான் தங்கியிருந்தார். சைவச் சாப்பாட்டுக்காகத் தானே சமைத்துக்கொண்டு, யுத்த காலத்தில் காய்கறிக்கே திண்டாடினார். 1918-ல் டிரினிட்டியின் ஃபெல்லோ ஆன முதல் இந்தியர் அவர்தான். கடைசி நாட்களில் எழுதிய தாள்கள் காணாமல் போய், 1976-ல் இந்தக் காலேஜின் ரென் நூலகத்தில் கிடைத்தன. நூலகத்தைக் குறைந்த நேரமே திறப்பார்கள், முன்கூட்டியே விசாரியுங்கள். வாசல் ஓரம் நிற்கும் ஆப்பிள் மரத்தையும் பாருங்கள். நியூட்டன் வீட்டு மரத்தின் வம்சம் அது.

அங்கே நின்றபோது எனக்கு ராமானுஜனைவிட அவர் மனைவி ஜானகி அம்மாள்தான் அதிகம் நினைவுக்கு வந்தார். அஞ்சு வருஷம் புருஷன் அங்கே, இவர் இங்கே. 1919-ல் உடம்பு சரியில்லாமல் திரும்பியவர் 1920-ல் போய்விட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து பிழைத்து, 1994-ல் காலமானார் அந்த அம்மாள். அவர் கேம்பிரிட்ஜைப் பார்க்கவே இல்லை. நமக்கு அந்தக் கொடுப்பினை இருக்கும்போது, "வீட்ல வேலை கிடக்கு" என்று விடலாமா?

பிரசிடென்சி காலேஜில் படித்து, 1930-ல் இதே டிரினிட்டிக்கு வந்தவர் எஸ். சந்திரசேகர். 1983-ல் நோபல் பரிசு வாங்கினாரே, அவர்தான். அவர் குடும்பத்தின் 'சந்திர விலாஸ்' வீடு இருந்தது நம்ம மயிலாப்பூரில்!

ஆக்ஸ்ஃபோர்டில் பார்க்க வேண்டியவை

லண்டன் பாடிங்டன் ஸ்டேஷனிலிருந்து சுமார் ஒரு மணி நேரம். பேரக்குழந்தைகள் கூட வந்தால், முதலில் கிரைஸ்ட் சர்ச் காலேஜுக்கு இழுப்பார்கள். ஹாரி பாட்டர் படத்தில் வரும் மாடிப்படி அங்கேதான். 1602-ல் திறந்த பாட்லியன் நூலகத்தையும் விடாதீர்கள்.

ஹை ஸ்ட்ரீட்டில் ஆல் சோல்ஸ் காலேஜ் இருக்கிறது. டாக்டர் ராதாகிருஷ்ணன் 1936 முதல் 1952 வரை ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக இருந்தபோது இந்தக் காலேஜின் ஃபெல்லோ. நாம் பஸ்ஸில் போகும் ராதாகிருஷ்ணன் சாலையில்தான் அவருடைய 'கிரிஜா' வீடு இருக்கிறது என்பது ஞாபகம் வரும்.

மெரினாவில் சிலையாக நிற்கும் ஜி.யு. போப் ஞாபகம் இருக்கிறதா? திருக்குறளையும் திருவாசகத்தையும் இங்கிலீஷில் கொடுத்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் தமிழ் சொல்லிக்கொடுத்தார். வால்டன் ஸ்ட்ரீட் பக்கம் செயின்ட் செபல்கர்ஸ் என்ற பழைய கல்லறைத் தோட்டத்தில் அவர் சமாதி இருக்கிறது. 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று கல்லில் எழுதியிருப்பதாகப் பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்போம். அந்த வாசகம் அங்கே இல்லை. குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அன்போடு வைத்த கல் என்றுதான் எழுதியிருக்கிறது. எனக்கு அதுவே கண்ணைக் கலங்க வைத்தது.

ஆஷ்மோலியன் மியூசியத்துக்கு டிக்கெட் கிடையாது. கும்பகோணம் பக்கத்துக் கோயிலின் திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனியை 1967-ல் இந்த மியூசியம் ஏலத்தில் வாங்கியிருந்தது. அதைத் திருப்பித் தர 2024-ல் யுனிவர்சிட்டி சம்மதித்தது.

பெண்கள் காலேஜை விட்டுவிடாதீர்கள்

கேம்பிரிட்ஜில் கர்ட்டன் (1869), நியூன்ஹாம் (1871) ரெண்டும் பெண்களுக்காகத் தொடங்கியவை. 1890-ல் ஃபிலிப்பா ஃபாசெட் என்ற நியூன்ஹாம் பெண், கணக்குப் பரீட்சையில் முதல் இடம் வாங்கிய ஆணையும் தாண்டி மார்க் எடுத்தார். ஆனால் பட்டம் கொடுக்கவில்லை! பெண்களுக்குப் பட்டம் என்று ஆக்ஸ்ஃபோர்டு 1920-லும், கேம்பிரிட்ஜ் 1948-லும்தான் இறங்கி வந்தன. 1914-ல் தொடங்கிய நம்ம குயின் மேரிஸ் காலேஜ் பெண்கள் மெட்ராஸ் யுனிவர்சிட்டி பட்டம் வாங்கிக்கொண்டிருந்த காலத்திலும், கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு அது முழுசாகக் கிடைக்கவில்லை. நாம் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை, தெரிந்துகொள்ளுங்கள்!

கிளம்பும் முன் சில டிப்ஸ்

1. ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை கேம்பிரிட்ஜில் பரீட்சை நேரம். பல காலேஜ்களில் உள்ளே விடமாட்டார்கள். முந்தின நாளே இன்டர்நெட்டில் பார்த்துச் சொல்லும்படி பிள்ளையிடம் கேளுங்கள்.

2. 60 வயது ஆனவர்கள் பாஸ்போர்ட்டைக் காட்டி ரயில்வே சீனியர் கார்டு வாங்கலாம். டிக்கெட்டில் மூணில் ஒரு பங்கு குறையும். காலை ஆபீஸ் நேரத்தைத் தவிர்த்தால் செலவு இன்னும் மிச்சம்.

3. ரெண்டு ஊரிலும் நடைதான், அதுவும் கரடுமுரடான கல் பாவிய தெரு. போவதற்கு ஒரு மாதம் முன்பே நாகேஸ்வர ராவ் பார்க்கில் தினம் நாலு சுற்று நடந்து பழகுங்கள். செருப்பு வேண்டாம், ஷூதான். மெட்டி போடுபவர்களுக்குக் கட்டைவிரல் தனியாகப் பிரிந்த சாக்ஸ் சௌகரியம். அதைப் பாண்டி பஜாரிலேயே வாங்கிவிடலாம்.

4. கேம்பிரிட்ஜில் கம்பு ஊன்றித் தள்ளும் தட்டைப் படகில் காலேஜ்களின் பின்பக்கத்தைப் பார்ப்பது தனி அழகு. அன்றைக்குப் புடவையைவிடச் சுடிதார் நல்லது.

5. பாத்ரூம் கவலையை யாரும் வெளியே சொல்வதில்லை. ஆஷ்மோலியன், கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் ரெண்டும் இலவச மியூசியம், சுத்தமான வசதியும் உண்டு. ஃபிட்ஸ்வில்லியத்துக்குத் திங்கட்கிழமை லீவு.

6. புளியோதரையோ சப்பாத்தி ரோலோ கையில் இருக்கட்டும். ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். கடையில் 'வெஜிடேரியன்' என்று இருந்தாலும் முட்டை சேர்ந்திருக்கும், கேட்டு வாங்குங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ளத்தான் போகிறோம், சந்தோஷமாகப் பார்த்துக்கொள்வோம். ஆனால் ஆறு மாதத்தில் ரெண்டு நாள் கேட்பது அதிகப்படி இல்லை. இதைப் படிக்கும் பிள்ளைகளே, மருமகள்களே, அம்மா வாய்விட்டுக் கேட்கமாட்டாள். டிக்கெட்டை நீங்களே போட்டுவிடுங்கள்!

— ஒரு வாசகி, மயிலாப்பூர், சென்னை - 4