ஸ்டேக்கிங் கருவிப் பெட்டி
கெண்ட்ரிக் அண்ட் டேவிஸ், லெபனான் நகர், நியூ ஹாம்ப்ஷயர், அமெரிக்கா

பழைய கைக்கடிகாரம் கீழே விழுந்தால் பெரும்பாலும் முதலில் ஒடிவது பேலன்ஸ் சக்கரத்தின் அச்சுமுனை. அதன் தடிமன் மில்லிமீட்டரில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். 1930களில் இன்காப்ளாக் போன்ற அதிர்வுதாங்கிகள் வரும்வரை, அச்சு மாற்றுவது வாட்ச் ரிப்பேர்காரரின் அன்றாட வேலை. அந்த வேலைக்கு உற்ற துணை இக்கருவி.

அடியிலுள்ள வட்டத் தட்டைப் பாருங்கள். சுற்றிலும் பெரிதும் சிறிதுமாகத் துளைகள். ‘பஞ்ச்’ எனும் சிறு கோல்களில் கூர்முனையுள்ளதைச் சட்டகத்தின் மேல்துளை வழியே இறக்கி, வேண்டிய துளையை நேராக்கித் தட்டைப் பூட்டவேண்டும். பிறகு அந்தத் துளையில் அச்சை நிறுத்தி, சக்கரத்தை அதில் ஏற்றி, உருண்டை முனைப் பஞ்ச்சால் அச்சின் விளிம்பை விரித்து, தட்டை முனைப் பஞ்ச்சால் அமுக்கவேண்டும். சிறு பித்தளைச் சுத்தியலால் மெல்லத் தட்டினாலே போதும். ஓங்கி அடித்தால் சக்கரம் கோணிவிடும். இந்நிறுவனத்தின் ‘இன்வெர்ட்டோ’ வகையில் அதே பஞ்ச்களைத் தலைகீழாக்கி அடியிலும் பொருத்தலாம். அருமையான யோசனை!

பொழுதுபோக்காகக் கடிகாரம் பழுதுபார்ப்போர் இன்றும் இப்பெட்டிகளைத் தேடி வாங்குகிறார்கள். பஞ்ச்களில் துருவைக் கண்டதும் உப்புத்தாளை எடுக்காதீர்கள். முனையின் வடிவம் கெட்டால் அந்தப் பஞ்ச் வீண். எண்ணெய் தோய்ந்த மெல்லிய துணியே போதும். வேலை முடிந்ததும் விரல் வியர்வையைத் துடைத்து, ஒவ்வொன்றையும் அதனதன் குழியில் வையுங்கள். சட்டகத்தை மட்டும் கீழே போட்டுவிடாதீர்கள்: மேல்துளையும் கீழ்த்துளையும் நேர் தவறினால் கருவி எதற்கும் உதவாது.