விசா வேற... வேலை பெர்மிட் வேற! வெளிநாடு கிளம்பும் முன் கையில் இருக்கும் பேப்பரை பாருங்க

திருச்சி,

"முதல்ல விசிட் விசாவுல போய் இறங்கிடு தம்பி. அங்க போனதும் கம்பெனி விசாவா மாத்திக்கலாம். நான் பார்த்துக்கறேன்."

வளைகுடா நாடுகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டுகள் பலர் நம்மூர் இளைஞர்களிடம் சொல்லும் வார்த்தை இது. இதை நம்பித்தான் அம்மாவின் நகை அடகு கடைக்கு போகிறது. நிலத்து பத்திரம் வட்டிக்காரர் கைக்கு போகிறது.

விமானம் ஏறியவர் அங்கே போய் இறங்கிய பிறகுதான், தன் கையில் இருப்பது வேலை பார்க்க அனுமதிக்கும் பேப்பரே இல்லை என்று தெரிந்து கொள்கிறார். அப்போது விசா காலம் ஓடிக்கொண்டு இருக்கும். ஏஜெண்டின் செல்போன் 'சுவிட்ச் ஆப்' ஆகி இருக்கும்.

விசா, வேலை பெர்மிட், தங்கும் பெர்மிட் மூன்றும் ஒன்றுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் மூன்றும் வேறு வேறு. இதுபற்றிய விவரம் வருமாறு:-

மூன்று அனுமதி

விசா என்பது ஒரு நாட்டுக்குள் நுழைவதற்கான அனுமதி. அவ்வளவுதான்.

உள்ளே போன பிறகு மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் தங்குவதற்கு தனி அனுமதி வேண்டும். அதுதான் தங்கும் பெர்மிட். சவுதியில் இதை 'இக்காமா' என்கிறார்கள். நம்மாட்கள் அடையாள அட்டையை 'பத்தாக்கா' என்பார்கள்.

மூன்றாவது, வேலை பெர்மிட். எந்த முதலாளியிடம், என்ன வேலை பார்க்கலாம் என்று சொல்வது இதுதான். இதை தொழிலாளி போய் வாங்க முடியாது. முதலாளிதான் அரசாங்கத்திடம் விண்ணப்பித்து வாங்க வேண்டும்.

விசிட் விசாவில் முதல் அனுமதி மட்டும்தான் இருக்கிறது. மற்ற இரண்டும் கிடையாது.

துபாயில் நடைமுறை என்ன?

துபாய், அபுதாபி, சார்ஜா உள்ளிட்ட ஐக்கிய அரபு அமீரகத்தில் முறைப்படி வேலைக்கு போகிறவருக்கு முதலில் வருவது 'ஆபர் லெட்டர்'. சம்பளம் எவ்வளவு, என்ன வேலை, லீவு எத்தனை நாள் என்று எல்லாம் இதில் இருக்கும்.

இந்த ஆபர் லெட்டரை தொழிலாளிக்கு புரியும் மொழியிலும் தர வேண்டும் என்ற விதி 2016 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அதற்காக அரசு வைத்துள்ள மொழிகளில் தமிழும் ஒன்று! "இங்கிலீஷ்லதான் இருக்கும், கண்ணை மூடிட்டு கையெழுத்து போடு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தமிழில் கேளுங்கள்.

ஆபர் லெட்டரில் சொன்னதை விட குறைந்த சம்பளத்துக்கு பின்னால் ஒப்பந்தம் போட முடியாது. அதனால் இந்த ஒரு பேப்பரின் நகலை வீட்டில் கண்டிப்பாக வைத்து விட்டு போக வேண்டும்.

அதன்பிறகு வேலை பெர்மிட்டுக்கான ஒப்புதலும், வேலைக்கான நுழைவு அனுமதியும் வரும். அங்கே போனதும் ரத்த பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். கைரேகை பதிவு செய்வார்கள். எல்லாம் முடிந்தால் 'எமிரேட்ஸ் ஐ.டி.' அட்டை கையில் கிடைக்கும்.

முன்பெல்லாம் தங்கும் பெர்மிட்டை பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கராக ஒட்டுவார்கள். 2022-ம் ஆண்டு முதல் அந்த ஸ்டிக்கர் கிடையாது. எமிரேட்ஸ் ஐ.டி. அட்டைதான் அத்தாட்சி. தனியார் கம்பெனி தொழிலாளிகளுக்கு வழக்கமாக 2 வருஷத்துக்கு கிடைக்கும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

விசிட் விசாவை மாற்ற முடியுமா?

ஏஜெண்டு சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள்.

அமீரகத்தில் விசிட் விசாவில் இருப்பவருக்கு ஒரு கம்பெனி முறைப்படி வேலை பெர்மிட் வாங்கி கொடுத்தால், அங்கே இருந்தபடியே விசாவை மாற்றலாம். இது சட்டத்தில் உள்ளதுதான்.

ஆனால் அந்த கம்பெனி எது? ஆபர் லெட்டர் எங்கே? இந்த கேள்விக்கு ஏஜெண்டிடம் பதில் இருக்காது. பெர்மிட் வருவதற்கு முன்னால் ஒருநாள் வேலை பார்த்தாலும் அது சட்ட விரோதம். பிடிபட்டால் அபராதம், நாடு கடத்தல்.

விசிட் விசா 30 நாள் அல்லது 60 நாள். காலம் முடிந்தும் தங்கினால் நாள் ஒன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம். 2 மாதம் கூடுதலாக தங்கினால் 3 ஆயிரம் திர்ஹாம் ஆகி விடும்!

பெர்மிட் இல்லாமல் ஆள் வைத்து வேலை வாங்கும் முதலாளிகளுக்கும் ஆப்பு உண்டு. 2024-ல் திருத்தப்பட்ட சட்டப்படி 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை அபராதம். அதனால் நல்ல கம்பெனி எதுவும் விசிட் விசாக்காரரை வேலைக்கு வைக்க துணியாது. வைப்பவர் எப்படிப்பட்டவர் என்று நீங்களே யோசித்து கொள்ளுங்கள்.

'பிரீ விசா' என்று ஒன்று கிடையாது

"பிரீ விசா இருக்கு. யார்கிட்ட வேணும்னாலும் வேலை பார்க்கலாம்" என்பது இன்னொரு தூண்டில். இப்படி ஒரு விசா எந்த வளைகுடா நாட்டு சட்டத்திலும் இல்லை.

யாரோ ஒரு கபீல் பெயரில் பெர்மிட் எடுத்து, ஆளை வெளியே வேலைக்கு விட்டு, அவரிடமே காசு கறப்பதற்கு வைத்த பெயர்தான் பிரீ விசா. கபீலுக்கு மனசு மாறினால் "என் ஆள் ஓடிப்போயிட்டான்" என்று புகார் கொடுப்பார். சவுதியில் இதை 'ஹுரூப்' என்கிறார்கள். அத்தோடு கதை முடிந்தது.

சவுதி, குவைத்தில்...

சவுதியில் போய் இறங்கிய 90 நாளுக்குள் முதலாளி இக்காமா எடுத்து தர வேண்டும். இக்காமா கட்டணம், வேலை பெர்மிட் கட்டணம், புதுப்பிக்க தாமதம் ஆனால் அபராதம், வேலை முடிந்து ஊர் திரும்ப டிக்கெட் எல்லாம் முதலாளி பொறுப்பு. அந்த நாட்டு தொழிலாளர் சட்டம் 40-வது பிரிவில் இது இருக்கிறது.

குவைத்தில் 18, 20 என்ற இரண்டு எண்களை மறக்க கூடாது. 18-வது பிரிவு தனியார் கம்பெனி வேலைக்கு. 20-வது பிரிவு வீட்டு டிரைவர், சமையல்காரர் போன்ற வீட்டு வேலைக்கு. 20-ல் போனவர் கடையிலோ கம்பெனியிலோ வேலை பார்த்தால் குற்றம். "சூப்பர் மார்க்கெட்டில் வேலை" என்று சொல்லி விட்டு 20-ம் நம்பர் விசா கொடுத்தால், அது மோசடி என்று புரிந்து கொள்ளுங்கள்.

இங்கே என்ன பார்க்கணும்?

10-ம் வகுப்பு பாஸ் ஆகாதவர்களின் பாஸ்போர்ட்டு, குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டு. இவர்கள் சவுதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பக்ரைன், மலேசியா உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்கு போகும் முன் குடியேற்ற பாதுகாவலரின் அனுமதி வாங்க வேண்டும். இந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

"எதுக்கு இந்த அலைச்சல்?" என்று கேட்கலாம். இந்த அனுமதியோடு இன்சூரன்சும் சேர்ந்து வருகிறது. பிரவாசி பாரதிய பீமா யோஜனா திட்டத்தில் 2 வருஷத்துக்கு 275 ரூபாய், 3 வருஷத்துக்கு 375 ரூபாய் கட்டினால் போதும். விபத்தில் இறந்தாலோ, நிரந்தர ஊனம் ஏற்பட்டு வேலை இழந்தாலோ 10 லட்ச ரூபாய் கிடைக்கும்.

விசிட் விசாவில் போகிறவர் இந்த அனுமதியை வாங்குவது இல்லை. அதனால் இன்சூரன்சும் இல்லை. வேலைக்கு போனார் என்பதற்கு நம் அரசாங்கத்திடம் பதிவும் இல்லை. சாரத்தில் இருந்து விழுந்தால் அந்த குடும்பம் யாரிடம் போய் கேட்கும்?

ஏஜெண்டு உண்மையானவரா என்பதை மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜெண்டுகள் பட்டியல் அதில் இருக்கிறது. பதிவு பெற்றவரும் சேவை கட்டணமாக 30 ஆயிரம் ரூபாயும், அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். வங்கி மூலம் கட்டி ரசீது வாங்குங்கள். "ரெண்டு லட்சம் கேஷா கொடு" என்றால் எழுந்து வந்து விடுங்கள்.

தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று டூரிஸ்ட் விசாவில் அழைத்து செல்லப்பட்டு மியான்மரில் சிக்கிய தமிழர்களில் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டு சென்னை வந்தனர். அங்கும் தொடக்கம் இதே டூரிஸ்ட் விசாதான்.

ஏறும் முன் 5 கேள்வி

1. விசாவில் 'வேலை' என்று இருக்கிறதா, 'விசிட்', 'டூரிஸ்ட்' என்று இருக்கிறதா?

2. கம்பெனி பெயரும் சம்பளமும் போட்ட ஆபர் லெட்டர் கையில் இருக்கிறதா?

3. சொன்ன வேலையும் விசாவில் உள்ள வேலையும் ஒன்றுதானா?

4. ஏஜெண்டின் பதிவு எண் இ-மைக்ரேட்டில் இருக்கிறதா?

5. பாஸ்போர்ட்டு, விசா, ஆபர் லெட்டர் நகல் வீட்டில் இருக்கிறதா?

இதில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும் பணத்தை கொடுக்காதீர்கள். டிக்கெட் போட்ட பிறகு தெரிந்தாலும் பரவாயில்லை. டிக்கெட் காசு போனால் சம்பாதித்து கொள்ளலாம்.

சந்தேகம் கேட்க மத்திய அரசின் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா இலவச எண்: 1800 11 3090. அமீரகத்தில் இருப்பவர்கள் 800 46342 என்ற எண்ணில் பேசலாம்.