வாந்தியைத் தடுக்கும் மாத்திரை: யாருக்கு, எதற்கு, எத்தனை நாளைக்கு?

குமட்டலும் வாந்தியும் மனிதருக்கு ஏற்படும் உபாதைகளுள் மிகச் சாதாரணமானவை. அவற்றைத் தடுக்கும் மாத்திரைகளும் அவ்வாறே சாதாரணமானவை என்ற எண்ணம் எமது மக்களிடையே வேரூன்றியுள்ளது. முன்னர் ஒருமுறை வைத்தியர் எழுதிக் கொடுத்தவற்றுள் எஞ்சிய சில மாத்திரைகள் பல வீடுகளின் அலுமாரிகளில் இருக்கும். எவருக்கேனும் வயிற்றைப் புரட்டினால் அவற்றுள் ஒன்று எடுத்துக் கொடுக்கப்படும். பாட்டனாருக்கு எழுதப்பட்டது பேரப்பிள்ளைக்கும், மூத்த மகளுக்கு எழுதப்பட்டது கர்ப்பிணியான இளைய மகளுக்கும் கைமாறும். கொடுப்பவரின் நோக்கம் நல்லதே. எனினும் மருந்து தீங்காக மாறுவதற்கான வாயில் இத்தகைய கைமாற்றத்திலேயே திறக்கின்றது.

ஒருவருக்கு, ஒரு காரணத்துக்காக, குறித்த சில நாட்களுக்கு என வைத்தியரால் விதிக்கப்படும்போது இம்மருந்துகள் பெருமளவுக்குப் பாதுகாப்பானவை. ஆள் மாறினாலோ, காரணம் மாறினாலோ, நாட்கள் நீண்டாலோ அதே மாத்திரை ஆபத்தாகக் கூடும். இதனை விளங்கிக் கொள்வதற்கு, வாந்தி எவ்வாறு ஏற்படுகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

வாந்தி ஒன்று, காரணங்கள் பல

வாந்தி வயிற்றின் செயல் எனப் பலர் கருதினாலும் அதற்கான கட்டளை மூளையிலிருந்தே பிறக்கின்றது. மூளைத்தண்டிலுள்ள வாந்தி மையத்துக்குப் பல வழிகளால் செய்திகள் வந்து சேர்கின்றன. குருதியில் கலந்துள்ள நச்சுப் பொருட்களை உணரும் பகுதியொன்று டோபமைன் எனும் இரசாயனத்தின் மூலம் தூண்டப்படுகின்றது. குடலின் உட்சுவர் பாதிக்கப்படும்போது, குறிப்பாகப் புற்றுநோய்க்கான மருந்துகள் ஏற்றப்படும்போது, செரட்டோனின் வெளியாகி நரம்பு வழியே செய்தியை அனுப்புகின்றது. பஸ்ஸிலோ படகிலோ செல்லும்போது உட்காதிலுள்ள சமநிலை உறுப்பிலிருந்து செய்தி செல்கின்றது. இவ்வழியில் ஹிஸ்டமினுக்குப் பங்குண்டு.

மருந்துகளும் இவ்வழிகளுக்கு ஏற்பவே வேறுபடுகின்றன. டொம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைட், புரோகுளோர்பெரசின் ஆகியன டோபமைன் வழியை அடைக்கின்றன. ஒன்டன்செட்ரோன் செரட்டோனின் வழியை மறிக்கின்றது. புரோமெதசின், டைமென்ஹைட்ரினேட் போன்றவை முக்கியமாக ஹிஸ்டமினைத் தடுக்கின்றன. ஆகவேதான் புற்றுநோயாளருக்குப் பேருதவி புரியும் ஒன்டன்செட்ரோன், நுவரெலியா வீதியின் வளைவுகளில் வரும் பயணக் குமட்டலுக்குப் பெரிதும் உதவுவதில்லை. பயணத்துக்கென வழங்கப்படும் மாத்திரையைப் புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக உட்கொள்ள வேண்டும். வாந்தி ஆரம்பித்த பின்னர் விழுங்குவதால் பயன் குறைவு. இவை தூக்கத்தை ஏற்படுத்துவதால் வாகனம் செலுத்துபவர் இவற்றைத் தவிர்ப்பது அவசியமாகும்.

ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எல்லை

மெட்டோகுளோபிரமைட் மூளையினுள் நுழையக் கூடியது. இளவயதினருள் சிலருக்கு, குறிப்பாகச் சிறுமியருக்கும் இளம் பெண்களுக்கும், இதனை உட்கொண்ட பின்னர் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும், தாடை இறுகும், கண்கள் மேல்நோக்கிச் செருகும். புரோகுளோர்பெரசினாலும் இவ்வாறு நிகழலாம். இதனை வலிப்பு எனக் கருதிக் கலங்குவதோ, வேறு ஏதேனும் பீடை எனக் கருதி நூல் கட்ட ஓடுவதோ காலத்தை வீணாக்கும். வைத்தியசாலைக்குச் சென்று, உட்கொண்ட மருந்தின் பெயரைக் கூறினால் ஊசி மருந்தொன்றின் மூலம் இதனை விரைவில் தணிக்க முடியும்.

இதே மருந்தை நீண்டகாலம் தொடர்வோருக்கு வாயும் நாவும் தாமாகவே அசைந்துகொண்டிருக்கும் நிலை உருவாகலாம். மருந்தை நிறுத்திய பின்னரும் அது மாறாமற் போவதுண்டு. எனவேதான் 12 வாரங்களுக்கு மேல் இதனைத் தொடர வேண்டாமென 2009 ஆம் ஆண்டு அமெரிக்க உணவு மற்றும் ஔடத நிர்வாகம் கடும் எச்சரிக்கை விடுத்தது. ஐரோப்பிய ஔடத முகவரகம் 2013 ஆம் ஆண்டில் மேலும் இறுக்கமான வரையறையை விதித்தது. வளர்ந்தோருக்கு ஒரு நாளில் 30 மில்லிகிராமுக்கு மேற்படாமல், ஆகக்கூடியது 5 நாட்கள் என்பதும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறவே கூடாது என்பதும் அவ்வரையறையாகும். பார்கின்சன் நோயுள்ளவர்களுக்கு இம்மருந்தும் புரோகுளோர்பெரசினும் நோயை மோசமாக்கும்.

டொம்பெரிடோன் மூளையினுள் அதிகம் செல்வதில்லை. ஆயினும் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும் ஆபத்து இதற்குண்டு. 60 வயதைக் கடந்தோரிலும் நாளொன்றுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் உட்கொள்வோரிலும் இவ்வாபத்து கூடுதலானது. 2014 ஆம் ஆண்டில் ஐரோப்பிய முகவரகம், வளர்ந்தோருக்கு 10 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு மூன்று வேளைக்கு மேற்படாமல், பொதுவாக ஒரு வாரத்துக்கு மட்டுமே இதனைக் கொடுக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளுடனும், பங்கசு நோய்க்கான சில மாத்திரைகளுடனும் இது சேரலாகாது. இருமலுக்கு ஒரு வைத்தியரும் வயிற்றுக்கு மற்றொரு வைத்தியரும் மருந்து எழுதும்போது, முதல்வர் எழுதியதை இரண்டாமவருக்குக் காட்டாவிடின் இச்சேர்க்கை எவரும் அறியாமலே நிகழ்ந்துவிடும்.

ஒன்டன்செட்ரோனும் இதயத்தின் மின்னோட்டத்தைப் பாதிக்கக் கூடியது. நாளத்தின் வழியே ஒரே தடவையில் 32 மில்லிகிராம் ஏற்றும் முறை இக்காரணத்தினாலேயே அமெரிக்காவில் 2012 ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. மாத்திரையின் அளவு அதனிலும் மிகக் குறைந்ததே. எனினும் நீடித்த வாந்தியினால் உடலில் பொட்டாசியம் குறைந்திருப்போரும், பிறவியிலேயே இதயத்தில் இத்தகைய குறைபாடு உள்ளோரும் அவதானமாக இருத்தல் வேண்டும். தலைவலியும் மலச்சிக்கலும் இதன் வழமையான பக்கவிளைவுகளாகும். புரோமெதசினைப் பொறுத்தவரை, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் சுவாசத்தை அது ஆபத்தான அளவுக்கு ஒடுக்கக் கூடும் என்பதை ஒவ்வொரு பெற்றோரும் நினைவிற் கொள்ள வேண்டும்.

கர்ப்பிணித் தாய்மாரும் கடந்தகாலப் பாடமும்

மேற்கு ஜேர்மனியில் 1957 ஆம் ஆண்டில் தூக்க மருந்தாகச் சந்தைக்கு வந்த தலிடோமைட், பல நாடுகளில் கர்ப்பிணிகளின் காலை நேரக் குமட்டலுக்கும் கொடுக்கப்பட்டது. முற்றிலும் பாதுகாப்பானது என விளம்பரம் செய்யப்பட்ட இம்மருந்தினால் 10,000 இற்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைபாடுகளுடன் பிறந்தன. 1961 நவம்பரில் அது அந்நாட்டுச் சந்தையிலிருந்து மீளப் பெறப்பட்டது. போதிய ஆதாரம் இல்லையெனக் கூறி அமெரிக்காவில் அதற்கு அனுமதி வழங்க மறுத்தவர் பிரான்சிஸ் கெல்சி என்னும் பெண் அதிகாரியாவார். இன்று புதிய மருந்துகளுக்கு உலகெங்கும் விதிக்கப்படும் கடுமையான பரிசோதனைகளுக்கு அவ்வனர்த்தமே முக்கிய தூண்டுதலாக அமைந்தது.

இதன் மறுபக்கமும் உண்டு. டொக்சிலமைனும் விற்றமின் பி6 உம் கலந்த கர்ப்பகால மருந்தொன்று, தொடர் வழக்குகள் காரணமாக 1983 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அது சிசுவுக்குத் தீங்கு விளைவிப்பதாகப் பின்னர் செய்யப்பட்ட ஆய்வுகள் காட்டவில்லை. 30 ஆண்டுகளின் பின்னர், 2013 இல், அதே சேர்க்கைக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. ஆகவே கர்ப்பிணி எந்த மருந்தையும் தொடலாகாது என்ற முடிவும் தவறானதே. நீரும் தங்காமல் வாந்தியெடுக்கும் தாய் சிகிச்சையின்றி விடப்பட்டால் அவருக்கும் சிசுவுக்கும் அதுவே ஆபத்தாகும்.

ஒன்டன்செட்ரோனைப் பொறுத்தவரை, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் அதனைப் பயன்படுத்தலாகாது என ஐரோப்பிய முகவரகம் 2019 ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. 10,000 குழந்தைகளில் ஏறத்தாழ 11 பேருக்கு ஏற்படும் உதட்டுப் பிளவு அல்லது அண்ணப் பிளவு, இம்மருந்தை உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளில் 14 ஆக இருந்தமையே அதற்கான காரணம். வேறு மருந்துகள் பயன்தராத கடும் வாந்தியில், நன்மை தீமைகளை நிறுத்துப் பார்த்து வைத்தியர் அதனைத் தெரிவு செய்வதுண்டு. அத்தீர்மானம் வைத்தியருக்கும் தாய்க்கும் உரியது. அலுமாரியிலுள்ள பழைய மாத்திரை அதனைத் தீர்மானிக்கலாகாது.

மாத்திரை மறைத்துவிடும் நோய்கள்

வாந்தி ஒரு நோயன்று; அது ஓர் அறிகுறி. மாத்திரை அறிகுறியை அடக்குமேயன்றி அதன் காரணத்தை நீக்காது. குடல்வால் அழற்சி, குடல் அடைப்பு, கட்டுப்பாடற்ற நீரிழிவு, தலையில் அடிபட்டதன் பின்னரான குருதிக்கசிவு, சில வேளைகளில் மாரடைப்பு ஆகியனவும் வாந்தியுடனேயே ஆரம்பிக்கலாம்.

எமது நாட்டில் டெங்குவை இங்கு விசேடமாகக் குறிப்பிடுதல் வேண்டும். 186,000 இற்கும் மேற்பட்டோர் டெங்குவினால் பீடிக்கப்பட்ட 2017 ஆம் ஆண்டை எவரும் எளிதில் மறக்க முடியாது. தொடர் வாந்தியும் வயிற்று வலியும் டெங்குவின் அபாய அறிகுறிகளாகும். காய்ச்சல் தணியும் வேளையிலேயே உண்மையான ஆபத்து நெருங்குகின்றது. அவ்வேளையில் வாந்தியை மாத்திரையால் அடக்கிவிட்டு நோயாளி தேறிவிட்டார் என ஆறுதலடைவது உயிராபத்தில் முடியலாம். வாந்தியில் குருதியோ கோப்பித்தூள் போன்ற கசடோ பச்சை நிறப் பித்தமோ வெளிப்பட்டாலும், கடுமையான தலைவலி, மயக்கம், நெஞ்சு வலி ஆகியன சேர்ந்தாலும், பல மணி நேரம் சிறுநீர் வெளியேறாதிருந்தாலும் உடனடியாக வைத்தியசாலையை நாட வேண்டும். கட்டணமின்றிச் சேவையாற்றும் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கத் தயங்க வேண்டியதில்லை.

குழந்தைக்கு முதல் மருந்து நீரே

வயிற்றோட்டத்துடன் வாந்தியெடுக்கும் குழந்தைக்கு மாத்திரையையோ பாணியையோ தேடுவதற்கு முன்னர் செய்ய வேண்டியது, இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்வதாகும். ஜீவனியைப் பொதியில் குறிப்பிட்ட அளவு, கொதித்தாறிய நீரில் கரைத்துத் தேக்கரண்டியால் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். வாந்தியெடுத்தால் 10 நிமிடங்கள் பொறுத்து மீண்டும் மெதுவாகத் தொடரலாம். தாய்ப்பாலை நிறுத்தலாகாது. 12 வயதுக்குட்பட்டோரின் வயிற்றோட்ட வாந்தியில் டொம்பெரிடோன் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என ஆய்வில் தெரியவந்ததை அடுத்து, 2019 ஆம் ஆண்டின் இறுதியில் பிரித்தானியா அவ்வயதினருக்கான அனுமதியை நீக்கியது. வைத்தியர் மருந்து கொடுத்தால் அது குழந்தையின் நிறைக்கு ஏற்பக் கணிக்கப்பட்டதாகும். அதனை மற்றொரு குழந்தைக்குக் கொடுக்கலாகாது.

தவறாமல் உட்கொள்ள வேண்டியோர்

இவற்றையெல்லாம் வாசித்துவிட்டு, புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர் தமது மாத்திரைகளை ஒதுக்கிவிடலாகாது. மஹரகமவிலோ தெல்லிப்பழையிலோ மருந்தேற்றிக் கொண்டு வீடு திரும்புவோருக்கு வாந்தி தடுப்பு மருந்துகள் குறித்த நேர அட்டவணைப்படி வழங்கப்படுகின்றன. அவை வாந்தி வந்த பின்னர் விழுங்குவதற்கானவை அல்ல, வராமற் காப்பதற்கானவை. சில புற்றுநோய் மருந்துகளின் குமட்டல் இரண்டாம், மூன்றாம் நாட்களிலேயே தலைதூக்கும். முதல் நாள் சுகமாக இருந்தது என்பதற்காக மருந்தை நிறுத்துவோர் பின்னர் பெரும் அவதிக்குள்ளாவதுடன், அடுத்த சிகிச்சைக்குச் செல்லவே அஞ்சும் நிலைக்கும் ஆளாகின்றனர்.

கேட்டறிய வேண்டியவை

மருந்து வழங்கும் சிறிய கடதாசி உறையில் பல வேளைகளில் மாத்திரையின் பெயர் இருப்பதில்லை. இருந்தாலும் தமிழில் இருப்பது அரிது. எனவே மருந்தின் பெயர், எதற்கானது, எத்தனை வேளை, எத்தனை நாள், உணவுக்கு முன்னரா பின்னரா என்பவற்றைக் கேட்டு உறையில் எழுதுவித்துக் கொள்வது நோயாளியின் உரிமையாகும். வர்த்தகப் பெயரை விடுத்து மருந்தின் பொதுப்பெயரையே பயன்படுத்த வேண்டுமெனப் பேராசிரியர் சேனக பிபிலே அன்றே வலியுறுத்தினார். அதன் அருமை இங்கும் புலனாகும். மோட்டிலியம் என ஒரு துண்டிலும் டொம்பெரிடோன் என மற்றொரு துண்டிலும் எழுதப்பட்டால், இரண்டும் ஒன்றே என்பதை அறியாதவர் இரு மடங்கு மருந்தை விழுங்கிவிடுவார்.

ரமழான் நோன்பு நோற்போரும் கந்தசஷ்டி போன்ற விரதங்களை அனுட்டிப்போரும், தவறிய வேளைகளின் மாத்திரைகளைச் சேர்த்து இப்தாரின் போதோ விரதம் முடிக்கும் போதோ ஒன்றாக விழுங்குவது ஆபத்தானது. வேளைகளை மாற்றியமைக்க முடியுமா என வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். நீரும் தங்காத அளவுக்கு வாந்தியெடுக்கும் நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் நோற்பதற்கு மார்க்கம் சலுகையளித்துள்ளது. மாத்திரை விழுங்கிய சிறிது நேரத்தில் வாந்தியெடுத்தாலும், கேட்டறியாமல் மற்றொன்றை விழுங்கலாகாது.

இதய நோய், ஈரல் நோய், சிறுநீரக நோய், கர்ப்பம், தாய்ப்பாலூட்டல், ஏற்கனவே உட்கொள்ளும் ஏனைய மருந்துகள் ஆகியவற்றை, வைத்தியர் கேட்காவிடினும் நோயாளி தாமாகவே கூறுதல் நன்று. குழந்தையொன்று தவறுதலாக மாத்திரைகளை விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்க வைக்க முயலாது, மருந்துறையையும் எடுத்துக்கொண்டு உடனடியாக வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். சிகிச்சை முடிந்த பின்னர் எஞ்சும் மாத்திரைகளை அடுத்த தடவைக்கெனச் சேமிக்காது மருந்தகத்தில் ஒப்படைக்க முடியுமா எனக் கேட்பதே உகந்தது. அடுத்த தடவை வரும் வாந்திக்கு வேறொரு காரணம் இருக்கலாம். அதற்கு ஆளாகுபவரும் வேறொருவராக இருக்கலாம்.